அம்பத்திநாலு

ஜூலை 6, திங்கள்

விடிய முன்னமே மழை. ஹோல்ல ரெண்டு இடத்துல ஒழுக்கு. ஒரு பக்கம் வாளி, ஒரு பக்கம் சோத்துச் சட்டி. தகரம் மாத்தணும்னு போன வருசமே சொன்னேன். அதுக்கு இவரு, "எனக்கப்புறம் நீங்க எப்பிடியும் இந்த வீட்டுல இருக்கப் போறதில்ல" என்னாரு.

எனக்கப்புறம். இந்தச் சொல்லைக் கேட்டா கையில இருக்கிறத வீசணும் போல வருது. முழுசா எழுதக்கூட மனசில்ல, இனிமே எ.அ. தான்.

இவருக்குப் பல்லு ரெண்டு ஆடுது. கட்ட மாட்டாரு, எ.அ. யாரு மெல்லப் போறாங்களாம். கண்ணாடி கீறி மங்கிப் போச்சு, மாத்த மாட்டாரு. ஆபீசுல மேல்பதவிக்குச் சோதனை எழுதச் சொல்லி மூணு தடவை கேட்டாங்க. எழுதல. இவருக்குக் கீழ வேலை பழகினவன் இப்ப இவருக்கு மேல.

காரணம் பெருசா ஒண்ணுமில்ல. மாமா, இவரோட அப்பா, அம்பத்திநாலு வயசுல நெஞ்சுவலியில போனாரு. அவரோட அப்பாவும் அம்பத்திநாலாம். இவருக்கு அடுத்த மாசம் அம்பத்திநாலு பொறக்குது. "எங்க வம்சத்துல ஆம்பளைக்கு அதுக்கு மேல எழுதல, சரோ." கல்யாணம் கட்டின புதுசுல சொன்னப்ப மடியில விழுந்து அழுதேன். இப்ப கேட்டா சோறு எறங்குதில்ல, ஆத்திரத்துல.

வாங்க: சீனி, சவுக்காரம், பெரிய வாளி.

ஜூலை 7, செவ்வாய்

மக தர்ஷினிக்கு நர்ஸ் ட்ரெயினிங் கிடைச்சிருக்கு. காலையில தெரிஞ்சிச்சு. புள்ள குதிக்கல, சிரிக்கக்கூட இல்ல. என் மூஞ்சியப் பார்த்தா. நான் இவரு மூஞ்சியப் பார்த்தேன். இவரு பாண் ரொட்டியப் பிய்ச்சி சம்பல்ல தொட்டுக்கிட்டே, "மூணு வருசப் படிப்பு. நான் எங்க இருப்பேன் அப்ப?" என்னாரு.

ஹேவாஹெட்டையில இருந்து வந்த சம்பந்தத்த முடிச்சிட்டுத்தான் மறுவேலையாம். பையன் ஹாட்வேர் கடை. கெட்ட பையன்னு சொல்ல முடியாது. அவனப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, அதுதான் உண்மை. அம்மாக்காரி மட்டும் போன்ல சொல்லிட்டா, மருமக வேலைக்குப் போற பழக்கம் அவங்க குடும்பத்துல இல்லையாம். ஞாயித்துக்கெழம பத்தொன்பதாந் தேதி பேசி முடிக்க வர்றாங்க.

நானும் வாயத் திறக்கல. எழுதி வைக்கிறேன், யாரு பார்க்கப் போறா. எங்கப்பா போனப்ப எனக்குப் பதினேழு. முப்பத்தோராம் நாள் காரியம் முடிஞ்ச கையோட சித்தப்பா என்னைய, வந்த மொத ஆளுக்குத் தள்ளிவிட்டாரு. அப்பன் இல்லாத பொண்ணு சந்தையில கடைசியா மிஞ்சின மரக்கறி மாதிரின்னு என் முன்னுக்கே சொன்னாரு. அந்த மொத ஆளு இவருதான். இவரு நெசமா போயிட்டா தர்ஷினிக்கும் அதே கதிதானே. அந்தப் பயத்துல வாய மூடிக்கிட்டிருக்கேன்.

ஜூலை 9, வியாழன்

நான் வேலை செய்யிற பார்மசியில கூட்டம். தடுமல், இருமல், எல்லாருக்கும் ஒரே மருந்து. கால் வலி.

ஒரு ஐயா பிரஷர் குளிசைய ஒரு மாசத்துக்குக் குடுங்கன்னு வாங்கினாரு. என்கூட நிக்கிற ரிஸானா ரெண்டு மாசத்துக்கு எடுத்தா மலிவுன்னா. ஐயா சிரிச்சி, அதுவரைக்கும் இருப்பனோ என்னவோ என்னாரு. அவரு பகிடிக்குத்தான் சொன்னாரு. நான் குளிசை அட்டைய மேசையில அடிச்சி வச்சிட்டேன்.

ரிஸானா பெறகு கேட்டா, என்ன ராத்தா, அந்தாளு ஒங்களுக்கு என்ன செஞ்சாருன்னு. வீட்டுக்கதையச் சொன்னேன். ரிஸானா: "மவுத்து வாற நாள ஒங்கட மாப்புள மட்டும் எப்பிடி ராத்தா அறிஞ்சாரு?"

அதானே, சாவுற நாள் யாருக்குத் தெரியும். ஆனா அவளுக்கு அப்பா உசுரோட இருக்காரு. சொல்லுறது லேசு.

ஜூலை 11, சனி

புசல்லாவை போனேன், பத்தொன்பதாந் தேதிக்கு அத்தைய அழைக்க. மாமாவோட கூடப்பொறந்தவங்கள்ல மிச்சம் இருக்கிறது இந்த அத்தை மட்டுந்தான். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுல அரை நாள் நின்ன மாதிரி. வழி நெடுக நின்னுக்கிட்டே. பக்கத்துல நின்ன பொம்பள கூடையில கருவாடு. சீலை இன்னும் நாறுது.

அத்தை தோட்டத்து லய வீட்டு வாசல்ல வெறகு காயப்போட்டுக்கிட்டு இருந்தாங்க. காது கொஞ்சம் மந்தம், பேச்சு பழைய மாதிரியே வெட்டு. விசயத்தச் சொன்னேன். என்னா இம்புட்டு அவசரம், புள்ள படிக்கட்டுமேன்னாங்க. அம்பத்திநாலுக் கதைய அப்பத்தான் சொன்னேன். இத்தனை வருசமா அவங்களுக்கு யாரும் சொல்லல போல. கேட்டுட்டுச் சிரிச்சாங்க. சிரிச்சி இருமி, தண்ணி குடிச்சி, பெறகும் சிரிச்சாங்க.

அவங்க சொன்னத மறக்க முன்ன எழுதுறேன். மாமாவுக்கு சாகிறப்ப அறுவதுக்கு மேல. பொறப்பு பதியாத ஆளு. செத்த அன்னிக்கு பதியிறதுக்குத் தோட்டத்து கிளாக்கர் வயசு என்னான்னு கேட்டிருக்காரு. யாருக்கும் தெரியல. மாமா கடைசி வரைக்கும் தலைமுடி கறுப்பு. பொணத்தப் பார்த்துட்டு கிளாக்கரே ஒரு அம்பத்திநாலு போடுவோமான்னு எழுதிக்கிட்டாராம்.

அப்ப தாத்தாவுக்குன்னு கேட்டேன்.

"எங்கப்பனுக்கு வயசு அவருக்கே தெரியாது. கண்புருவம் வரைக்கும் வெள்ளை. ஒங்க மாமா எழவு வீட்டுல எவனோ ஒருத்தன் அழுத பயலத் தேத்துறேன்னு, ஒங்க தாத்தனும் இந்த வயசுலதான் போனாருன்னு சொன்னான். நான் அங்கதான் ஒக்காந்திருந்தேன். வாய்க்கு வந்தத சொன்னான்."

அழுத பயல்னா இவருதான். எவனோ வாய்க்கு வந்தத சொல்லியிருக்கான், இவரு அத நெஞ்சுல வச்சி முப்பத்திச்சொச்சம் வருசம் வளர்த்திருக்காரு. அத்தை அதோட விடல.

"இவனுக்கு மட்டும் என்னா அம்பத்திமூணா? பள்ளிக்கூடத்துல சேக்கிற வயசு தாண்டிப்போச்சின்னு மூணு வருசம் கொறச்சித்தானே பதிஞ்சோம். என் மூத்தவ பொறக்கிறப்ப இவன் லயத்துக் கடைசி வரைக்கும் ஓடித் திரிஞ்சான். அவளுக்கே இப்ப அம்பத்திநாலு."

அப்ப இவருக்கு அம்பத்தாறோ ஏழோ. அந்தச் சாவுற வயசுல இந்த மனுசன் ஒரு வருசம் முழுக்க இருந்து, தின்னு, தூங்கி, தாண்டி வந்துட்டாரு. தும்மல்கூட வரல.

சந்தோசம் வரணுமே. வரல. பஸ்ஸுல இடம் கிடைச்சி ஒக்காந்து கம்பளை வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு வந்தேன். ஒழுகுற கூரை, எழுதாத சோதனை, வாங்காத காணி. ரெண்டாவது புள்ளையும் வேணாம்னாரு, தகப்பன் இல்லாம வளர்றதுக்கு ஒண்ணு போதுமாம். எல்லாம் ஒரு கிளாக்கர் பொணத்தப் பார்த்துப் போட்ட குத்துமதிப்பு.

இன்னொண்ணு. இதையும் எழுதித் தொலைக்கிறேன். கம்பளை தாண்டினதும் மனசு லேசா ஏமாந்த மாதிரி இருந்திச்சு. ஏன்னு யோசிச்சேன். இவரோட எ.அ. நான் எப்பிடி இருப்பேன்னு நானும் ஒரு கணக்கு வச்சிருந்திருக்கேன். சின்ன ரூம், ஜன்னலோரம் கதிரை, சத்தமில்லாத வீடு. இவரு காத்திருந்தாரு, கூட நானும் காத்திருந்திருக்கேன். தூ.

ஜூலை 12, ஞாயிறு

மழை இல்ல. உடுப்புத் தோச்சேன்.

பகல் சாப்பாட்டுல சொன்னேன். தர்ஷினியும் இருந்தா. அத்தை சொன்னத சொன்ன மாதிரியே, கூட்டாம கொறைக்காம. இவரு சோத்துல கைய வச்சபடி இருந்தாரு. முகம் வெளிறும், அழுவாரு, இல்லாட்டி சிரிப்பாருன்னு நெனச்சேன். அத்தைக்கு மூளை கலங்கிருச்சின்னாரு. இல்லன்னேன். போன மாசம் நடந்ததே அவங்களுக்கு ஞாபகம் இருக்காதுன்னாரு. பழசெல்லாம் கல்லு மாதிரி இருக்குன்னேன்.

அப்பத்தான் கத்தினாரு. "அப்ப நான் வாழ்ந்ததெல்லாம் பைத்தியக்காரத்தனம்னு சொல்ல வர்றியா?"

ஆமான்னேன்.

கை கழுவாம எழும்பிப் போயிட்டாரு. சோத்துக் கையோட கதவச் சாத்தினதுல கைப்பிடியெல்லாம் பருப்பு. தொடைச்சேன்.

ஜூலை 14, செவ்வாய்

நெஞ்சு வலிக்குதுன்னு காலையில ஒக்காந்துட்டாரு. வேர்வை நெசம்தான். திரீவீல் புடிச்சி ஆஸ்பத்திரிக்கு. ஈசிஜி எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. சின்ன வயசு டொக்டர், சிங்களப் பொண்ணு. இதயம் நல்லா இருக்கு, வாயுன்னா. பல்லுல சீழ் இருக்கு, அதப் பாருங்கன்னா. இவரு அந்தப் பொண்ண விரோதி மாதிரிப் பார்த்தாரு. நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு இப்பிடி மொறைச்ச நோயாளிய அவ கண்டிருக்க மாட்டா.

வர்ற வழியில திரீவீல் நகரல. பெரஹெரா ஊர்வலத்துக்குப் பந்தல் கட்டுறாங்க, ரோட்டுல நெருக்கடி.

இரவு: கஞ்சி. அவருக்கு மட்டும்.

ஜூலை 15, புதன்

தர்ஷினியோட சண்டை. குசினியில. வெங்காயம் உரிச்சிக்கிட்டே கேட்டா, அப்பாவுக்குத்தான் ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சிருச்சே, ஞாயித்துக்கெழம அவங்கள வர வேணாம்னு சொல்லுங்களேன்னு. சொல்ல முடியாதுன்னேன். ஏன்னு கேட்டா. நாளைக்கு ஒரு பஸ் மோதினா? வேற நோய் வந்தா? அப்பன் இருக்கிறப்பவே ஒரு எடத்துல போய்ச் சேர்ந்துட்டா நல்லது, பெறகு மதிப்பில்லன்னு சொன்னேன். சொல்லுறப்பவே காதுல சித்தப்பா குரல்.

புள்ள கத்திய வச்சா. சத்தம் போடல.

"அப்பாவோட அம்பத்திநாலு கிளாக்கர் எழுதினதும்மா. அப்பன் இல்லாட்டி மதிப்பில்லங்கிறது எந்தக் கிளாக்கர் எழுதினது?"

அறைஞ்சிட்டேன். இருபத்தொரு வயசுப் புள்ளைய. அழாம வெங்காயத்த எடுத்துக்கிட்டா.

ஜூலை 16, வியாழன்

தூக்கம் சரியில்ல. வேலையில ஒரு மருந்த மாத்தி எடுத்துட்டேன், ரிஸானா பார்த்துத் தடுத்தா.

அப்பன் போனதால நான் கெட்டேன்னு இத்தனை வருசமா நெனச்சிருந்தேன். சரியா யோசிச்சா அப்பா செத்தது என்னைய ஒண்ணும் செய்யல. அழுதேன், அவ்வளவுதான். என்னையத் தள்ளிவிட்டது உசுரோட இருந்த சித்தப்பா. அவரு சொன்னத நம்பித் தலையக் குனிஞ்சது நானு. பதினேழு வயசுல குனிஞ்சதுக்குச் சாட்டு இருக்கு. நாப்பத்தேழுல?

சித்தப்பா இப்ப இருந்திருந்தா நல்லா நாலு கேட்டிருப்பேன். செத்து வருசமாச்சு. அவரு சொல்லு மட்டும் என் வீட்டுல சோறு தின்னுக்கிட்டு.

ஜூலை 19, ஞாயிறு

வந்தாங்க. பையன், அவனோட அம்மா, அப்பா, மாமா ஒருத்தரு. வேன்ல. பழத்தட்டு மூணு. நம்ம பக்கம் அத்தை வரல, பஸ் ஏறி எறங்க முடியாதாம். அம்மாக்காரி வந்ததும் கூரையப் பார்த்தா, பெறகு தர்ஷினியப் பார்த்தா, ரெண்டுக்கும் ஒரே பார்வை. பையன் கையில இருந்த போனப் பார்த்தான்.

வடை, கேசரி, தேத்தண்ணி. இவரு வெள்ளைச் சட்டை, துன்னூறு, சாவுக்குப் போற முகம். அந்த மாமா பேச்சத் தொடங்கினாரு. உங்க உடம்பு நெலைமை தெரியும், அதனால அடுத்த மாசத்துக்குள்ளயே வச்சிருவோம், நாங்க அனுசரிச்சிப் போறோம்னாரு. இவரு கும்பிட்டாரு. கும்பிட்டாரு!

நான் பேசுவேன்னு காலையில நெனைக்கல. கையில தேத்தண்ணித் தட்டு இருந்திச்சு, அத கீழ வச்சேன். தர்ஷினி படிக்கப் போறா, மூணு வருசம், அதுக்கப்புறம் அவளுக்குப் புடிச்சா பார்ப்போம்னேன்.

அம்மாக்காரி இவரப் பார்த்துக் கேட்டா, நீங்க இருக்கிறப்பவே செய்யணும்னு நீங்கதானே அவசரப்படுத்தினீங்கன்னு. இவரு என்னையப் பார்க்காம, அவ சொல்றதக் காதுல போட்டுக்காதீங்கன்னாரு.

"இவருக்கு அம்பத்தேழு ஆச்சு. தாண்டிட்டாரு. நாளைக்கே போனாலும் என் புள்ள படிக்கும். அப்பன் இல்லாத பொண்ணுன்னு கட்ட யோசிக்கிறவங்க வீட்டுக்கு அவ வர வேணாம்."

கொரல் கொஞ்சம் உசந்திருச்சு. பரவால்ல.

அந்த மாமா ஏதோ சமாதானம் பேசப் பார்த்தாரு. அம்மாக்காரி எழும்பிட்டா. வாசல்ல செருப்பு மாட்டுறப்ப அவ சொன்னது உள்ள வரைக்கும் கேட்டுச்சு: "நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சிச்சு. பொம்பள பேசுற வீடு." பையன் மட்டும் திரும்பி தர்ஷினிக்குத் தலைய ஆட்டிட்டுப் போனான். பாவம் போல. எனக்கென்ன.

தர்ஷினி வந்து நின்னா. அறைஞ்ச கன்னத்த நான் தொட்டேன். தள்ளிவிடல.

ஜூலை 22, புதன்

மூணாவது நாளா இவரு என்கூடப் பேசுறதில்ல. குடும்ப மானம் போச்சாம், தர்ஷினிகிட்ட சொல்லியிருக்காரு. வேலைக்குப் போறாரு, வர்றாரு, ஹோல்ல ஒக்காந்து சுவரப் பார்க்கிறாரு. எ.அ. கூடச் சொல்லுறதில்ல. சாவு இல்லாம என்ன செய்யிறதுன்னு தெரியாத மனுசன்.

இன்னிக்குச் சாப்பிடுறப்ப தட்டப் பார்த்தே கேட்டாரு.

"எந்த மாசம்னு அத்தை சொன்னாங்களா?"

என்ன மாசம்னேன்.

"நான் பொறந்த மாசம்."

கேக்கலன்னேன். வேணும்னா நீங்களே போய்க் கேளுங்கன்னேன்.

ஜூலை 25, சனி

காலையில எழும்பிப் பார்த்தா ஆளில்ல. சொல்லாமப் போயிருக்காரு. தர்ஷினி பயந்தா. குசினியில தேத்தண்ணி ஊத்திக் குடிச்ச கோப்பை கழுவி வச்சிருந்திச்சு. சாவப் போறவன் கோப்பை கழுவ மாட்டான்னேன், ஆனா நானும் ரெண்டு தரம் ரோட்டு வரைக்கும் போய்ப் பார்த்தேன்.

பொழுது சாய வந்தாரு. சப்பாத்தெல்லாம் சேறு. புசல்லாவைக்குத்தான். அத்தைக்கு மாசம் ஞாபகம் இல்லையாம். தேயிலைக் கொழுந்து நெறைய வர்ற காலம்னு மட்டும் தெரியுமாம். இவரோட அம்மா நிறைவயித்தோட பின்னேரம் வரைக்கும் கொழுந்தெடுத்துட்டு வந்து, ராவு பெத்தாளாம். சொல்லி முடிக்கல, வாயப் பொத்திக்கிட்டாரு. இவரு அழுது நான் பார்த்ததில்ல. அசிங்கமா அழுதாரு, சின்னப்புள்ள மாதிரி, மூக்கெல்லாம் ஒழுகி. அம்பத்தேழு, சரோ, அம்பத்தேழுன்னே சொல்லிக்கிட்டு.

நான் பக்கத்துல ஒக்காரல. தேத்தண்ணி குடுத்தேன். மன்னிச்சிட்டேன்னு யாரும் நெனைக்க வேணாம், நான் உட்பட. இவரு தூக்கிப் போட்டது அவரோட வருசம் மட்டுமில்ல.

நாளைக்கு தர்ஷினிக்கு யூனிபோமுக்கு வெள்ளைத் துணி எடுக்கப் போகணும். படுக்கப் போறப்ப இவரு வந்து நின்னு, தானும் கூட வர்றேன்னாரு.

வேணாம்னேன்.