பூட்டிய நடுக்கதவு

இப்போது என் கையில் உன் சோப்பு வாசனைதான் அடிக்கிறது. பள்ளி விட்டாகிவிட்டது. தாளாளர் அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். "இருங்க மிஸ், கூப்பிடுறேன்" என்று உள்ளே போனவர் இன்னும் கூப்பிடவில்லை. அதுவரை உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன். நீ இருந்தபோதும் ஏதாவது ஒன்று என்றால் உன்னிடம்தானே வந்து நிற்பேன்!

நான் எல்.கே.ஜி. மிஸ், நீ யூ.கே.ஜி. மிஸ். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு கதவு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் கசங்கி வந்து இறங்குவாய். பையை வைத்த கையோடு குழாய்க்குப் போவாய். "எங்க ராஜபாளையம் அம்புட்டு அழுக்கா இருக்கோ?" என்று கிண்டல் செய்வேன். "பஸ்ஸுக் கம்பிய எம்புட்டுப் பேரு பிடிச்சிருப்பான், ஏட்டி" என்பாய்.

சாப்பாட்டு மணிக்கு முன்னால் எல்லா மிஸ்களும் செய்வதைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். ஆயாம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பாட்டுப் பாடி, ஒவ்வொரு கையாகக் கழுவி, என் முந்தானையில் துடைத்துவிடுவேன். காலையிலிருந்து மூக்கைத் துடைத்த முந்தானையும் அதுதான். ஒருநாள் நடுக்கதவில் சாய்ந்துகொண்டு நீ கேட்டாய்: "பிள்ளைக கைய நீ கழுவி விடுத. ஒன் கைய யாரு கழுவி விடுவா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கிளாஸ விட்டு நகரக் கூடாதுங்காங்க. குழாய் அந்தக் கடைசியில இருக்கு. பறந்தா போவேன்?" என்றேன்.

நீ கதவை விரியத் திறந்து நிலைப்படியில் நின்றாய். அங்கிருந்து பார்த்தால் இரண்டு வகுப்பும் தெரியும். "நான் பாத்துக்கிடுதேன், போ. மொதல்ல நம்ம கை, பொறவுதான் பிள்ளைக கை."

அதற்குப் பிறகு அதுவே நம் வழக்கமாகிவிட்டது. மூக்கு துடைத்தாலும், ஜட்டி மாற்றிவிட்டாலும், டிபன் டப்பாவைத் தொடுமுன்னும் கதவில் ஒரு தட்டு, "கை!" என்று ஒரு குரல். ஒருத்தி நிற்பாள், ஒருத்தி ஓடுவாள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிறார் அல்லவா, அங்கே கழித்துப்போட்ட துணியை நான் கொண்டுவந்தேன். நீ கை துடைக்கிற அளவுக்குத் துண்டு போட்டு ஓரம் அடித்தாய். முந்தானைக்கு விடுதலை. மற்ற மிஸ்களும் கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தவள் நீ எழுந்திருக்கவில்லை. உன் வீட்டுக் கூடத்தில் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் தங்கை உன் பள்ளிப் பையிலிருந்த சோப்பு டப்பாவை என்னிடம் கொடுத்தாள்.

பிறகு வகுப்புகளில் கேமரா வந்தது. "ஒரு மிஸ் ரெண்டு கிளாஸப் பாக்கதப் பேரன்ட்ஸ் பாத்தா என்ன நினைப்பாங்க?" என்று நடுக்கதவைப் பூட்டிச் சாவியை ஆபீசில் மாட்டிவிட்டார்கள். ஆயாம்மாவையும் ஆபீஸ் வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள்; வாளித் தண்ணீரும் நின்றது. போன மாதம் பேரன்ட்ஸ் குரூப்புக்கு வீடியோ எடுத்தார்கள். மிஸ்களெல்லாம் நின்று, சொட்டுத் தண்ணீர் இல்லாமல், கை கழுவுவது எப்படி என்று வெறுங்கையைத் தேய்த்துக் காட்டினோம். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்கு அழுகைதான் வந்தது. என் மகள் இங்கேதான் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், மிஸ் பிள்ளை என்பதால் ஃபீஸ் கிடையாது. நான் வாயைத் திறந்தால் இரண்டு பேரும் வீட்டில் இருக்க வேண்டியதுதான். "அனுசரிச்சுப் போ" என்கிறார் வீட்டுக்காரர். வேறு என்ன சொல்வார், பாவம்.

இந்த வாரம் என் வகுப்பில் ஒரு பையனுக்கு வயிற்றுப்போக்கு. அடுத்து அவன் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு. இன்று சாப்பாட்டு நேரத்தில் இன்னொருவன் காற்சட்டையிலேயே போய்விட்டான். அவனைத் துடைத்து மாற்றிவிட்டு நிமிர்கிறேன், ஒரு குட்டிப் பிள்ளை டிபன் டப்பாவை நீட்டுகிறாள். "மிஸ், தெறந்து குடுங்க."

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். என்னை அறியாமல் நடுக்கதவை முழங்கையால் தட்டி "கை!" என்றேன். உன் இடத்துக்கு வந்திருக்கும் சின்னப் பெண் அந்தப் பக்கமிருந்து பதறினாள். "சாவி ஆபீஸ்ல இருக்கு, யக்கா."

வகுப்பை விட்டுத்தானே போகக் கூடாது? வகுப்பையே கூட்டிக்கொண்டு போனேன். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விட்டோம். குழாயடியில் உன் சோப்பை எடுத்து, பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, முதலில் என் கையைக் கழுவினேன். கேமராவில் காலி வகுப்பைப் பார்த்துவிட்டுத் தாளாளர் ஓடி வந்தார். "யாரக் கேட்டு வந்தீங்க?"

"செத்த நேரம் சார். கை கழுவிட்டு வாரேன்."

அந்தத் தைரியம் குழாயடியோடு சரி. கேட்டுக்குப் பக்கத்தில் என் மகள் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று அவளுக்குத் தெரியாது.

கடைசிப் பிள்ளையை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, குழாயடிக்கும் போய்விட்டு, அந்தச் சின்னப் பெண் ஈரக் கையோடு வந்து என் பக்கத்தில் உட்காருகிறாள். அவளையும் இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"ஒன்ன எதுக்கு?"

"ஒங்களுக்குப் பின்னாடியே நானும் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயிட்டேன், யக்கா."

ஈரத்தைத் துடைக்க முந்தானையை இழுக்கிறாள். அவள் கையைப் பிடித்து நிறுத்துகிறேன். நீ ஓரம் அடித்ததில் கடைசித் துண்டு ஒன்று பிரிக்காமல் என் பையில் இருக்கிறது. அதை எடுத்து அவளிடம் கொடுக்கிறேன்.

உள்ளே நாற்காலி நகருகிறது. எங்களில் யாரை முதலில் கூப்பிடப் போகிறாரோ.