இரவல் சோபாவில் உட்கார்ந்த புவான்

என் அருமைத் தோழிக்கு,

இன்று காலை எதிர் வீட்டில் தீபாவளிக்குச் சுவரில் சாயம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வாடை சன்னல் வழியாக வந்ததுதான் தாமதம், இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த நான் தனியாகச் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். “என்ன, பேய் கீய் பிடிச்சிருச்சா?” என்றார் என் வீட்டுக்காரர். காரணத்தைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கதையில் பாதிக் கோமாளி அவர், மீதி நான். அதை ரசித்துக் கேட்கக்கூடியவள் நீ ஒருத்திதான். நீ போய் இரண்டு வருடமாகிறது. அதனால் என்ன, எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது நீ என்னை ஒரு வாக்கியத்தையும் முடிக்கவிட்டதில்லை. இப்போதாவது குறுக்கே பேசாமல் கேள்.

நீ மலாக்காவில் ஒரு பிள்ளைகள் காப்பகத்தில் சமையல் வேலை பார்த்தாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன் ஓட்டை மோட்டார் சைக்கிளில் எங்கள் மெர்லிமாவுக்கு வந்து, என் அடுப்படியில் உட்கார்ந்து, மிச்சமிருக்கும் இடியப்பத்தைக் காலி செய்வாய். அப்படி ஒரு நாள், வாயில் இடியப்பத்தோடுதான் அதைச் சொன்னாய்.

“நாப்பத்தி மூணு வயசாச்சு. உனக்குப் புள்ளை இல்ல. அங்க புள்ளைங்களுக்கு வீடு இல்ல. இதுல யோசிக்க என்னடி இருக்கு?”

வேறு யாராவது இப்படி முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தால் அன்றோடு உறவு முறிந்திருக்கும். நீ கேட்டதால் தேங்காய்ப்பூவை இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டு அழுதேன்.

இவர்தான் தயங்கினார். தத்து என்றால் சரி, வளர்ப்பு என்றால் பெற்றவர்கள் நிலைமை தேறியதும் பிள்ளை திரும்பிப் போய்விடுமே, பிரிவதற்காகவா வளர்ப்பது என்றார். நீ அவரை விடவில்லை.

“அண்ணே, சுங்கை ஊடாங்குல டேங்கர் லோரியில எண்ணெய் ஏத்திக்கிட்டுப் போறீங்களே, அது உங்க எண்ணெயா? இருந்தும் ஒரு சொட்டு சிந்தாம கொண்டு போய்ச் சேர்க்கிறீங்கல்ல? அதான் லா இது.”

மறு வாரமே இரண்டு பேரும் வெல்பேர் ஆபிஸுக்குப் போய் விண்ணப்பப் பாரம் வாங்கி வந்தோம். மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சரிபார்ப்பு, சம்பளச் சீட்டு, எங்களைப் பற்றிச் சொல்ல இரண்டு பேர் என்று வரிசையாகக் கேட்டார்கள். அந்த இரண்டு பேரில் ஒருத்தி நீ. வளர்ப்புப் பெற்றோர் வகுப்புக்கும் போனோம். குளிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் பிள்ளையாக நடிக்கச் சொன்னதற்கு, இவர் நிஜமாகவே மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டார். வெளியே வர இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த தப்பை நாங்கள் அதற்குப் பிறகுதான் செய்தோம். பாரத்தில் பிள்ளைக்கு மாதாந்திர உதவித் தொகை வேண்டுமா என்று ஒரு கட்டம் இருந்தது. நான் ‘வேண்டாம்’ என்று குறி போட்டேன். ‘காசுக்குப் புள்ளை வளர்க்கிறா’ என்று என் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லுவாள் என்ற பயம் ஒன்று. காசு கேட்டால் வக்கில்லாதவர்கள் என்று நினைத்துப் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்களோ என்ற பயம் இன்னொன்று. எட்டு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், தமிழ் வீடாகத் தேடுகிறோம் என்று ஆபிஸில் சொல்லியிருந்தார்கள். பெயர்கூடத் தெரியாது. அதற்குள் அவளுக்குத் தலைவாரிவிட நான் மனசுக்குள் சீப்பு எடுத்துவிட்டேன்.

வீட்டைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்றதும் பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வது போல எல்லாம் செய்தோம். முதல் நாள்தான் பச்சைச் சாயம் அடித்து முடித்தோம். பக்கத்து வீட்டுச் சரசு அக்காவின் சோபா செட் எங்கள் வீட்டுக்கு வந்தது. இவருடைய தம்பியின் கார் வாசலில் நின்றது. எங்கள் மோட்டார் பின்கட்டில், தார்ப்பாய்க்கு அடியில். ஆட்டிறைச்சிப் பிரட்டல் வேறு.

அந்த அதிகாரியம்மா, மலாயில் மரியாதையாகச் சொன்னால் ‘புவான்’, வந்து சோபாவில் உட்கார்ந்தார். நீ காப்பகத்திலிருந்து நேராக, மஞ்சள் கறை படிந்த சட்டையோடு வந்து சேர்ந்தாய். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது சரசு அக்கா உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. புவான் உட்கார்ந்திருந்த சோபாவின் இடுக்கில் கையை விட்டுத் துழாவி, டிவி ரிமோட்டை எடுத்தார்.

“சீரியல் ஆரம்பிச்சிருச்சு லா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சோபா யாருடையது என்று புவான் மலாயில் கேட்டார். நான் பிரட்டல் தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தேன். இவர் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், கையெல்லாம் பச்சை. நீதான் வாயைத் திறந்தாய்.

“சோபா இரவல், புவான். வெளிய நிக்கிற காரும் இரவல். புள்ளை வேணும்ங்கிற ஆசை மட்டும் இவங்களோட சொந்தம்.”

புவான் சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னது எனக்கு இன்றும் வலிக்கும். நாங்கள் பணக்கார வீட்டைத் தேடவில்லை, சோபாவை மறைக்கிறவர்கள் நாளைக்குப் பிள்ளையின் காய்ச்சலையும் மறைக்கமாட்டார்கள் என்று நான் எப்படி நம்புவது என்றார். முடிவை நிறுத்திவைத்து, மறுபடி வருகிறேன் என்று எழுந்துபோனார். பிரட்டலை அவர் தொடவேயில்லை.

பதினொரு நாள் நான் உன்னோடு பேசவில்லை. என் பிள்ளையை நீதான் கெடுத்துவிட்டாய் என்று நினைத்தேன். பார்த்தாயா, அதற்குள் ‘என் பிள்ளை’. பன்னிரண்டாம் நாள் நீ உம்பாய்க் கடற்கரையிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வந்து, நான் கேட்காமலே செதில் உரசிக்கொண்டு பேசினாய்.

“பாரத்துல வேணாம்னு போட்டியே, அந்தக் காசு உனக்குச் சம்பளமா? புள்ளை காலுக்குச் சப்பாத்து வாங்க, டியூசன் அனுப்ப, பஸ்ஸுக்குக் குடுக்க. அவளுக்கு வர்றத வேணாம்னு சொல்ல நீ யாருடி?”

நான் கௌரவம் என்று நினைத்தது, இன்னும் பார்த்திராத ஒரு பிள்ளையின் சப்பாத்தில் கைவைப்பது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாளே ஆபிஸுக்குப் போய்க் குறியை மாற்றினேன். இரண்டாம் முறை புவான் வந்தபோது மோட்டார் வாசலில் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். தேநீரும் பிஸ்கட்டும் மட்டும் கொடுத்தோம். பிள்ளையின் தாய் திரும்பக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்றார். “குடுத்துடுவோம் புவான்” என்றார் இவர். “ஆனா அழுவேன். அதையும் எழுதிக்குங்க.”

அனுமதிக் கடிதம் வந்தது. பின்னாலேயே யாழினியும் வந்தாள், ஒரு பையோடும் நூறு கேள்விகளோடும். நீ அவளுக்கு அத்தை ஆனாய். உன் சிறுநீரகம் கைவிட்ட பிறகும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அவளுக்குப் பெருக்கல் வாய்பாடு ஒப்பித்தாய், அதுவும் தப்புத் தப்பாக. அவளுடைய அம்மா இப்போது தேறி வருகிறார். மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். ஒரு நாள் அவள் அங்கேயே தங்கிவிடுவாள். இவர் அதற்கு இப்போதே அழுது பழகுகிறார்.

ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும். போன சனிக்கிழமை தீபாவளித் துணி வாங்க நாங்கள் மூன்று பேரும் டவுனுக்குப் போனோம். நாத்தனாரும் கூட வந்தாள். செண்டோல் ஐஸ் விற்கும் கடை வாசலில், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டாள்: “ஏன் அண்ணி, இவளுக்காக மாசா மாசம் காசு தர்றாங்களாமே, உண்மையா?”

எந்தக் கேள்விக்குப் பயந்து அந்தக் குறியைப் போட்டேனோ, அதே கேள்வி. யாழினி என் முகத்தையே பார்த்தாள். என் பதிலில்தான் தான் யார் என்று தெரிந்துகொள்ளப் போகிறவள் போலப் பார்த்தாள்.

“ஆமா, வருது” என்றேன். என் குரல் கொஞ்சம்கூட இறங்கவில்லை. “எனக்கு இல்ல, அவளுக்கு வருது. அவ படிக்க, அவ உடுத்த.”

யாழினி கண்ணை அகல விரித்தாள். “எனக்கா? என் காசா?” ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கடைக்காரரிடம் போய் நான்கு விரலைக் காட்டினாள். “அங்கிள், நாலு செண்டோல்! இன்னிக்கு எல்லாருக்கும் நான் பெலாஞ்சா, என் செலவு!” பெரிய மனுஷி போல என் நாத்தனாருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க அத்தை. உங்களுக்கும்தான்.”

நாத்தனார் உட்கார்ந்தாள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.