தலை கறுத்த இறால்

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மொபெட்டில் மீன் ஏற்றி வருபவர் இன்று காலை இறால் கொண்டுவந்திருந்தார். நீங்கள் போன பிறகு நம் வாசலுக்கு இறால் வருவது இதுதான் முதல் தடவை. ஒவ்வொன்றின் தலையும் மை தடவியது போல் கறுத்திருந்தது. நான் எதுவும் கேட்கும் முன்பே அவர் முந்திக்கொண்டார். "ஐஸு போட்டுத்தானுங்க கொண்டாந்தேன் நர்ஸம்மா. தலை மட்டுந்தான் கறுத்துப்போச்சு, சதை நல்லாத்தான் இருக்குதுங்க." பேரம் பேசக்கூடத் தோன்றாமல் வாங்கிக்கொண்டேன்.

கடற்கரையில் பிறந்தவளுக்கு இறாலைப் பற்றிச் சொல்லித்தர ஒரு கொல்லிமலைக்காரர் வேண்டியிருந்தார் என்றால் எங்கள் ஊரில் இன்றும் சிரிப்பார்கள். நீங்கள் அங்கே இறால் ஆய்வகத்தில் வேலை பார்த்த காலம். கல்யாணமான புதிதில் ஓட்டில் கரும்புள்ளி இருந்த இறாலை நான் தூக்கிப் போடப் போக, கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "அது அழுகல் இல்ல அம்மிணி. சண்டை போட்ட எடம்."

அன்று உலை கொதித்து வழிந்ததுகூடத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனீர்கள். வந்த நோயை நம்மைப் போல் நினைவில் வைத்திருந்து எதிர்ப்பொருள் தயாரிக்க இறாலால் முடியாது. ஆனால் பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் சில பொருள்கள் இறாலின் உடம்பில் எங்குமே இல்லாதவை. இறால் ரத்தத்திலுள்ள புரதங்கள் அவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். உடனே ரத்த அணுக்கள் கூடிவிடும். சில விழுங்கும், சில கூட்டமாகச் சூழ்ந்து அமுக்கும். கூடவே ஒரு நொதி கிளம்பி, அந்த இடத்தையே கறுப்பாக்கிக் கிருமியைக் கொல்லும். "வந்தவன் பேரு தெரியாது, ஊரு தெரியாது. நம்மாளு இல்லைன்னு மட்டும் தெரியும். அதுக்கு அது போதும்" என்றீர்கள்.

செத்த இறாலின் தலை ஏன் கறுக்கிறது என்று மடக்கினேன். "செத்தது அந்த நொதிக்குத் தெரியாதில்ல? அது பாட்டுக்கு வேலை செஞ்சுட்டே இருக்கும்." அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

உங்கள் ரத்தத்திலேயே புற்று வந்தபோது சொந்த மலைக்குப் போய்விடலாம் என்றீர்கள். தேவனூர் நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வாங்கினேன். சேலத்தில் ஒவ்வொரு முறை மருந்து ஏற்றித் திரும்பும்போதும் கொண்டை ஊசி வளைவு முழுக்க என் மடியில் தலை வைத்துக் கிடப்பீர்கள். அடுத்த சில நாளில் வெள்ளை அணுக்கள் இல்லையென்று சொல்லுமளவுக்குக் குறைந்துவிடும். "ஒரு இறாலுக்கு இருக்கற படைகூட இப்ப என்கிட்ட இல்ல அம்மிணி."

நானே படையாகிவிட வேண்டியதுதான் என்று கிளம்பினேன். வேலிப் படலில் சோப்பைக் கட்டித் தொங்கவிட்டேன், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். இந்த மலையில் ஒருவர் படுத்துவிட்டால் சொந்தமெல்லாம் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து கையைப் பிடிக்க வேண்டும். வராமல் இருப்பது குற்றம், வந்தவரை உள்ளே விடாதது அதைவிடப் பெரிய குற்றம். சாமையும் பலாப்பழமும் சுமந்து வந்த அத்தனை பேரையும் வேலிக்கு வெளியே நிறுத்தினேன். அவர்களும் விடவில்லை. ஊருக்கே கேட்கும் குரலில் அங்கிருந்தபடியே உங்களை நலம் விசாரித்தார்கள். உங்கள் பதில் கட்டிலைத் தாண்டாது. நான்தான் வாசலுக்கு ஓடி ஓடிச் சொல்வேன்.

உங்கள் சின்னாத்தா ஒருவர்தான் அழுதார். "நான் தூக்கி வளத்த புள்ள அது. நானா வெளியாளு?" உள்ளேயிருந்து நீங்கள், "ஒரு வாட்டி உடு அம்மிணி" என்றீர்கள். அணுக்கள் ஏறட்டும், அப்புறம் எல்லோரும் வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அணுக்கள் ஏறும் முன்பே காய்ச்சல் வந்தது. சேலத்து டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். "வெளியிலிருந்து வந்ததில்லைம்மா. அவர் குடல்லயே இருந்த பாக்டீரியாதான். தடுக்க ஆளில்லாம ரத்தத்துல ஏறிருச்சு." நர்ஸுக்கு இது தெரியாததா? தெரியும். ஆனாலும் வேலியில் நின்றவளுக்கு யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. கடைசி மாதங்களில் என் கையைத் தவிர வேறு எந்தச் சொந்தக்காரர் கையும் உங்களைத் தொடவில்லை.

சோப்பு இன்னும் வேலியில்தான் தொங்குகிறது. டியூட்டி முடிந்து வந்தால் முழங்கை வரை கழுவாமல் எனக்கு உள்ளே நுழைய வரவில்லை.

இன்று இறாலை உரித்துக்கொண்டிருக்கும்போது சின்னாத்தா வந்தார். யாரும் சொல்லாமலே சோப்புப் போட்டுக் கை கழுவினார். வேலிக்கு வெளியே நின்று அதே பெரிய குரலில், "கண்ணு, நல்லாருக்கறயா?" என்றார். நீங்கள் போன பிறகும் அவர் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் வெளியே நின்றே விசாரித்துவிட்டுப் போகிறார் என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது. எழுந்து போய்ப் படலைத் திறந்தேன். இறால் வாடையடிக்கும் கையாலேயே அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன்.

அவர் நேராகப் போய் உங்கள் கட்டிலோரம் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, தலையணையின் மேல் வைத்துக்கொண்டார்.

வேலியில் சோப்பு தேய்ந்து வில்லையாகிவிட்டது. நாளைக்குப் புதிது வாங்க வேண்டும்.