ஒன்றும் வரவில்லை என்று சொன்னாயே

கோலியர்ஸ் வுட், லண்டன்
ஒக்டோபர் 6

அன்புள்ள மகன் கொட்வினுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்றுப் பின்னேரம் நோர்வேயிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். காருக்கும் எனக்கும் பெரிய சேதமில்லை. அதற்கு ஒரு சில்லும் எனக்கு ஒரு முழங்காலும் சத்தம் போடுகின்றன, அவ்வளவுதான். மருமகள் இங்க்றிட்டும் பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால், சரி அப்பா, பிறகு கதைக்கிறன் என்று வைத்துவிடுவாய். சனிக்கிழமைகளில் அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது இந்த ஒரு கடிதத்துக்காகத்தான் போலிருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை கண்டால் சிவப்புப் பேனையை எடுத்துவிடாதே.

இரண்டு மணித்தியாலத்தில் பிளேனில் வரக்கூடியவன் மூன்று நாள் கார் ஓடி வந்தானே, விசரனோ என்று உன் மாமனார் நினைத்திருப்பார். உன் தங்கச்சி கிளறிற்றாவும் அதைத்தான் சொன்னாள்: அப்பா, உங்களுக்கு அறுபத்தாறு வயசு, பதினாறு இல்லை. பிளேனில் கொண்டுபோனால் பயத்தம் உருண்டை உடைந்துவிடும் என்று அவளுக்குச் சாட்டுச் சொன்னேன். உண்மை வேறு. உன்னிடம் சொல்ல ஒன்று இருந்தது. அதைப் பாடமாக்க எனக்கு மூன்று நாள் வேண்டியிருந்தது. பக்கத்து சீற்றில் நீ இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு பிரான்சில், கலேயில் தொடங்கினேன். ஜேர்மனியில் ஓரளவு நன்றாக வந்தது. டென்மார்க்கில் அழுதுவிட்டேன். சுவீடனில் பெற்றோல் அடித்த இடத்தில் ஒரு பெண்பிள்ளை கண்ணாடியில் தட்டி, ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

பிள்ளையின் ஞானஸ்நானம் நல்லபடியாக நடந்தது. சுவாமியார் பெயரைக் கேட்டபோது இங்க்றிட்தான் பெர்னடெற் என்றாள். அந்தப் பெயரைத் தெரிவு செய்ததும் அவள்தானாம், கிளறிற்றா சொன்னாள். நான் கமெராவுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பன்னிரண்டு படம், பன்னிரண்டிலும் என் பெருவிரல். அங்கு நின்ற ஐந்து நாளும் கவனித்தேன், மகன். நீ பிள்ளையைக் குட்டி என்கிறாய், சின்னவள் என்கிறாய். அம்மாவின் பெயர் உன் வாயில் வரவே இல்லை.

அடுத்த நாள் என்னை வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். நீ தந்த செம்மஞ்சள் தொப்பியோடு றோட்டுக் கிண்ட வந்தவன் போல இருந்தேன். போகும் வழியில் சட்டம் சொன்னாய். எல்க் மான் கன்றோடு வந்தால் கன்றைத்தான் முதலில் சுட வேண்டும், தாயைச் சுட்டால் கன்று பனிக்குள் தனியாக நின்று சாகும் என்றாய். நான் தலையாட்டினேன். பாடமாக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த இடத்தில் மறந்துபோனது.

காட்டுக்குள் ஒரு பலகையில் நாலு மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். கதைக்கக் கூடாது, இருமக் கூடாது. அப்போதுதான் அவை வந்தன. நம் வன்னி மரையைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் தாய், பின்னால் கன்று. நீ துவக்கை உயர்த்தினாய். இந்த மடையனுக்கு வாய் திறக்க அந்த நேரம்தானா கிடைத்தது? தம்பி, அம்மா சாகிற நேரம் என்று தொடங்கிவிட்டேன். தாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. அடுத்த நிமிஷம் இரண்டும் இல்லை. நீ என் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தாய். மிருகம் போன பிறகு எதற்கு அந்த விரல்? திரும்பி வந்த இரண்டாயிரம் கிலோமீற்றரும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிறகு, ஏதும் வந்ததா என்று வேட்டை றேடியோவில் உன் மாமனார் கேட்டார். முந்தி அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தபோது படித்த நோர்வே பாஷை எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒன்றும் வரவில்லை என்று சொன்னாய். ஒரு வருஷம் காத்திருந்த வேட்டையை விட்டு, ஆட்களுக்கு முன்னால் என் மானத்தைக் காப்பாற்றினாய். அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டு நான் இன்னும் சும்மா இருந்தால் மனுஷனில்லை.

அம்மாவின் செத்தவீட்டில் நீ கேட்டாய், அம்மாவுக்கு நோய் என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று. அம்மாதான் வேண்டாம் என்றவள் என்று சொன்னேன். நீ, அம்மாவோ என்று மட்டும் கேட்டாய். பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

அம்மா அப்படிச் சொல்லவில்லை, மகன். நான்தான். கிளறிற்றாவின் வாயைக் கட்டியதும் நான்தான். இங்க்றிட்டுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. இந்த முறை அவளைத் தனியே விட்டு நீ ஓடி வந்தால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். ஈஸ்டர் வரைக்கும் இருப்பா என்று டொக்டர்மார் சொன்னார்கள். தையில் பிள்ளை பிறக்கும், பிறந்ததும் சொல்வோம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு எனக்குப் பள்ளிக்கூடத்திலும் வந்ததில்லை. அம்மா நவம்பரிலேயே போய்விட்டாள்.

அவள் ஒவ்வொரு நாளும் கேட்டாள், தம்பிக்குச் சொன்னீங்களோ என்று. ஓம் என்றேன். லீவு கேட்டிருக்கிறான், வாறான் என்றேன். கடைசிக் கிழமை தலையணையை மற்றப் பக்கம் போடச் சொன்னாள். அந்தப் பக்கம் படுத்தால்தான் கதவு தெரியும்.

இதைத்தான் அந்தப் பலகையில் சொல்ல வந்தேன்.

மன்னி என்று கேட்க எனக்கு வாயில்லை. நவம்பர் பத்தொன்பதாம் திகதி அம்மாவின் ஆண்டுப் பூசை. வர மனம் வந்தால் வா. என்னோடு கதைக்காமல் கோயிலில் பின் வரிசை வாங்கில் இருந்துவிட்டுப் போனாலும் போதும். ஆனால் அம்மா உன்னைக் கூப்பிடவில்லையே என்று பத்து மாதமாக அவளோடு கோபமாயிருக்கிறாய். அவள் கூப்பிட்டவள், மகன். அந்தக் கோபத்தை அவளிடமிருந்து எடுத்து, மேலே எழுதியிருக்கும் விலாசத்துக்கு அனுப்பு. நான் வீட்டில்தான் இருப்பேன்.

மாதா உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். நாளைக் காலையில் பிள்ளை எழும்பும்போது பெர்னடெற் என்று ஒருக்கா கூப்பிட்டுப் பார். திரும்பிப் பார்ப்பாள்.

உன் அப்பா,
றெஜினோல்ட்