மவுஸைக் கழற்றிய பிறகு

மார்ச் 3, திங்கள்

இன்றும் முதல் மணியிலேயே அக்கா போனை எடுத்துவிட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை. வேலையில்லாமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். அவளுக்குக் கை நடுக்கம் வந்ததிலிருந்து மவுஸைப் பிடித்தால் கோடு ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் போகிறது. அவள் லேபிள் வரைந்து கொடுக்கும் அச்சகத்தில் அடுத்த மாதம் வரைதான் பொறுப்பார்களாம். பிறகு வேறு ஆள்.

"கீபோர்டுல தட்ட முடியுதுடி. மவுஸ்தான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. நீங்க செய்யுற சாஃப்ட்வேர்தானே? கீபோர்டுலயே எல்லாம் நடக்குற மாதிரி பண்ணக் கூடாதா?"

ஊருக்கெல்லாம் படம் வரைய சாஃப்ட்வேர் செய்கிறேன். என் அக்காவுக்கு அது உதவவில்லை. வெட்கக்கேடு!

மார்ச் 5, புதன்

குழுத்தலைவரிடம் கேட்டேன். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'அவசரம்'.

"கீபோர்டுல யாரும்மா படம் வரையுறாங்க?"

"எங்க அக்கா."

நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "அடுத்த வெளியீட்டுக்குள்ள முடிச்சா சேத்துக்கலாம். மத்த வேலை நிக்கக் கூடாது."

அது போதும் எனக்கு.

மார்ச் 12, புதன்

முடிந்தது! டேப் கீயை அழுத்த அழுத்த ஒவ்வொரு பொத்தானாகப் போகிறது. ஒன்றுகூட விடுபடவில்லை. நானே சோதித்துப் பார்த்துவிட்டேன். என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மார்ச் 15, சனி

மூக்கு உடைந்தது.

அக்கா வீட்டுக் கணினியில் சோதனைப் பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு கட்டத்துக்கு நிறம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். டேப், டேப், டேப். தூரிகை, பென்சில், அழிப்பான் என்று எல்லாவற்றிலும் நின்று நின்று நிறப் பேனலுக்குள் போனாள். போனவளால் வெளியே வர முடியவில்லை. டேப் அழுத்த அழுத்த உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"என்னடி இது, பஸ்ஸா? எல்லா ஸ்டாப்லயும் நிக்குது, நான் எறங்குற எடத்துல மட்டும் கதவு தெறக்க மாட்டேங்குது."

அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாமா சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

நான் சோதித்தபோது எப்படித் தெரியாமல் போயிற்று? வழியெல்லாம் யோசித்தேன். மாட்டிக்கொண்ட இடத்தில் என் கை தானாக மவுஸுக்குப் போயிருக்கிறது. ஒரு கிளிக், வெளியே. மடச்சி, அது எனக்கே தெரியவில்லை!

மார்ச் 17, திங்கள்

மவுஸைக் கழற்றி அவசரத்தின் மேசையில் வைத்தேன். "நான் கெஞ்சினாலும் குடுக்காதீங்க."

மதியத்துக்குள்ளேயே கெஞ்சினேன். கொடுக்கவில்லை. நல்ல மனுஷன்.

மார்ச் 24, திங்கள்

மவுஸ் இல்லாமல் தவித்தபிறகுதான் வழி புரிந்தது. டேப் அழுத்தினால் ஒரு பேனலிலிருந்து அடுத்த பேனலுக்கு மட்டும். பேனலுக்குள்ளே அம்புக்குறி கீ. எங்கே மாட்டினாலும் எஸ்கேப் கீயை அழுத்தினால் படத்துக்கே திரும்பும். நிற்கிற இடம் தெரிய, சுற்றிலும் கெட்டியாக ஒரு நீலக் கோடு.

"அந்தக் கோடு அசிங்கமா இருக்கேம்மா. எடுத்துடலாமே?" என்றார் அவசரம்.

"மவுஸைத் தொடாம ஒரு வட்டம் போட்டு செவப்பாக்குங்க. அப்புறம் பேசலாம்."

எனக்கு வாய் நீளம்தான். ஆனால் மனிதர் உட்கார்ந்துவிட்டார். கோடு எங்கே, கோடு எங்கே என்று தேடித் தேடித்தான் போட்டு முடித்தார். எழுந்திருக்கும்போது, "இன்னும் கொஞ்சம் கெட்டியாவே போடும்மா" என்றார்.

மார்ச் 29, சனி

அக்கா ஒரு சோப்பு லேபிள் செய்தாள். முழுசாக! "நீ அந்தப் பக்கம் திரும்பிக்க, நீ பாத்தா எனக்கு ஓடாது" என்று என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டாள். டக், டக் என்ற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அது ஓரிடத்திலும் திணறி நிற்கவில்லை.

"பரவால்லடி, தேறிட்ட."

சின்ன வயதிலிருந்து என்னைப் பாராட்டாதவள். கண் கலங்கிவிட்டது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

ஏப்ரல் 4, வெள்ளி

வெளியீடு. அவசரம் எல்லோர் முன்னாலும் மவுஸைத் திருப்பித் தந்தார். நானும் கொஞ்சம் பெருமையாகவே வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மாமாவுக்குப் போட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. அச்சகத்துலேருந்து ஒரு கட்டு லேபிள் வேலை வந்திருக்கு. காலையிலேருந்து என்கிட்டயே பேச மாட்டேங்குறா."

பின்னாலிருந்து அவள் கத்துவது கேட்டது. "யாரு, அவளா? நான் வேலையா இருக்கேன், அப்புறம் பேசச் சொல்லுங்க!"

இன்று அக்கா என்னிடம் பேசவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.