பிள்ளை பார்க்கிற டூரிஸ்ட்

ஜூன் 9, செவ்வாய்

விடியும்போதே சாரல். காயப்போட்ட துணியெல்லாம் ஈர வாடை. அப்படியே மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். நாளைக்குப் பயணம்.

பெட்டியில் போனவை: ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, மரச்சீனி வற்றல், நல்லமிளகுப் பொடி, கருப்பட்டி. அண்ணன் மகள் ஷைனிக்கு நான் தைத்த நைட்டிகள். அவள் மாப்பிள்ளை ஜெபினுக்கு நெத்திலிக் கருவாடு, எத்தனை கவர் போட்டுச் சுற்றியும் மணக்கிறது. குழந்தை ஆரோனுக்கு ஏத்தங்காய்ப் பொடி, குட்டி நிக்கர்கள். என்னுடையது நாலு சுடிதாரும் பைபிளும். இடமில்லை, சேலையை வெளியே எடுத்துவிட்டேன்.

ஷார்ஜாவுக்கு இது நாலாவது தடவை. விசிட் விசா முடியும். ஒரு தடவை நீட்டுவார்கள். அதுவும் முடியும். 'ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுங்க அத்தை' என்று அனுப்புவார்கள். இங்கே வந்து வீட்டு ஒட்டடை அடித்து முடிக்குமுன் புது விசா வாட்ஸப்பில் வந்து விழும். போன வருஷம் ஊருக்குக்கூட அனுப்பவில்லை. அங்கிருந்தே பஸ்ஸில் எல்லை வரைக்கும் கொண்டுபோய் இறக்கி, ஒரு ஸ்டாம்ப் குத்தி, மறுபடி உள்ளே கொண்டுவந்தார்கள். பஸ் நிறைய என் வயசுப் பெண்கள். எல்லார் பேப்பரிலும் டூரிஸ்ட். ஒருத்திகூட எதையும் சுற்றிப் பார்த்தவளாகத் தெரியவில்லை. எல்லாரும் தூங்கினார்கள்.

பிள்ளையைப் பார்க்க மதினி ஏன் போகவில்லை? ஷைனி அவள் பெற்ற மகள்தானே. கேட்டால் பிரஷர், சுகர், அங்குள்ள தண்ணீர் சேராது, அண்ணனுக்கு யார் சோறு பொங்குவது. நான்?

"நீ சும்மாதானே இருக்க, மேபல்."

வடசேரியில் தையல் கடை நடத்துகிறவள் சும்மா இருக்கிறாள். கல்யாணம் ஆகாதவள் எதைச் செய்தாலும் அதற்குப் பெயர் சும்மா. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம், யூனிபார்ம் சீசன், ஷட்டரை இழுத்துப் பூட்டிச் சாவியை அண்ணனிடம் கொடுத்தாயிற்று. மெஷினுக்கு எண்ணெய் விட மறந்துவிட்டேன்.

ஜூன் 11, வியாழன்

போகவில்லை. போக விடவில்லை. என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது, கோபத்தில்.

நேற்று நடந்தது இது. ஏர்போர்ட்டில் கவுண்டரில் சின்ன வயசு ஆபீசர், மலையாளி. நமக்கும் மலையாளம் தெரியும் என்று காட்டாவிட்டால் இந்த ஜில்லாக்காரர்களுக்கு உறக்கம் வராதே. களியக்காவிளை எல்லை தாண்டினால் நாக்கு தானாகத் திரும்பிக்கொள்ளும். "எந்தினா போகுந்நது?" என்று கேட்டார், எதற்குப் போகிறேன் என்று. பிள்ளையைப் பார்க்க என்று சொல்ல வேண்டும். பார்க்கிறதுக்கு அவர்கள் ஊரில் நோக்குறது என்றுதானே சொல்வார்கள் என்று, பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன்:

"குட்டியெ நோக்கான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பாஸ்போர்ட்டைப் புரட்டினார். போனது, வந்தது, உடனே போனது, வந்தது. உள்ளே ஒரு அறைக்குப் போகச் சொன்னார். அங்கே ஒரு லேடி ஆபீசர், பாறசாலைப் பக்கம் போல, நம்ம தமிழ் பேசினாள்.

"அக்கா, நோக்கான்னு சொன்னா பிள்ளைய வளக்கதுக்கு, ஆயா வேலைக்குன்னு அர்த்தம். சும்மா போய்ப் பாத்துட்டு வாறதுன்னா காணான்னு சொல்லணும். நீங்க எதுக்கு போறீய?"

டூரிஸ்ட் விசாவில் பெண்களை வீட்டு வேலைக்குக் கடத்துகிற ஏஜெண்டுகள் இருக்கிறார்களாம். என் ஏஜெண்ட் யார் என்று கேட்டாள். அண்ணன் மகள் என்றேன். அங்கே என்ன செய்வீர்கள் என்றாள். சொன்னேன். எழும்புவது, இடியாப்பம் பிழிவது, ஷைனி டியூட்டிக்குப் போனதும் பிள்ளையைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, துணி, பாத்திரம், மத்தியானக் கறி, ஜெபினுக்குச் சப்பாத்தி. சம்பளம் எவ்வளவு பேசியிருக்கிறது என்றாள். சம்பளம் ஒன்றும் இல்லை என்றேன். லீவு? அப்படி ஒன்று கிடையாது. வெளியே எங்கெல்லாம் கூட்டிப் போனார்கள்? கீழே கடைக்கு, பால் வாங்க, நானே போவேன் என்றேன்.

அவளும் கதவருகே வந்து நின்ற அந்த ஆபீசரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதுக்குப் பிறகு அவள் குரல் மாறிவிட்டது. தண்ணீர் கொடுத்தாள். யாருக்கும் பயப்பட வேண்டாம் அக்கா என்று கையைப் பிடித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

விமானம் போய்விட்டது. பெட்டியோடு பஸ்ஸில் வடசேரி வந்து இறங்கினேன். வழி முழுக்கக் கருவாட்டு மணம், பக்கத்து சீட்டுக்காரர் எழும்பிப் போய் நின்றுகொண்டார்.

ஜூன் 12, வெள்ளி

வெயில். அண்ணன் காலையிலேயே வந்தான். செருப்பைக் கழற்றவில்லை.

"எதுக்குட்டி அப்பிடி சொன்ன? ஒனக்க வாய வச்சிட்டு சும்மா இருக்க மாட்டியா?"

"பின்ன என்ன சொல்ல? அவரு கேட்டாரு, நான் சொன்னேன்."

"ஒனக்கு யாரு மலையாளம் பேசச் சொன்னா?"

அது மட்டும் என் கொழுப்புதான்.

ஜெபின் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். மரியாதையாகத்தான் பேசுகிறான், அதுதான் விஷம். "அத்தைக்கு வர மனசில்லன்னா நேரே சொல்லியிருக்கலாம். ஏர்போர்ட்ல போய் இப்பிடிச் செய்யணும்னு இல்ல." வேண்டுமென்றே செய்தேனாம்! சத்தியமாக இல்லை. வேண்டுமென்றே செய்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணன் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். மெஷின் பெல்ட்டில் பல்லி முட்டை. கட்டிட ஓனர் மேலிருந்து இறங்கி வந்தார்.

"நிக்கியா, போறியா? ஒரு முடிவு சொல்லு மேபல். மொபைல் கடைக்கு ஒருத்தன் கேட்டுட்டு நிக்கான். மாசக் கடைசிக்கு மேல தாங்காது, கேட்டியா."

அடுத்த தெரு ஜாஸ்மின் டீச்சர் கையில் துணிப்பையோடு கடையைத் தாண்டிப் போனாள். என்னைப் பார்த்ததும் பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். வேறு ஆளிடம் தைக்கக் கொடுக்கிறாள். நான் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தக் கடையும் போனால் நான் உண்மையிலேயே சும்மா இருக்கிறவள்தான். அதற்குப் பிறகு எந்த விசாவுக்கும் மறுப்புச் சொல்ல முடியாது.

ஜூன் 14, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் காதில் விழவில்லை. பிறகு அண்ணன் வீட்டில் சாப்பாடு. கோழிக்கறி வைத்திருந்தாள் மதினி, எனக்கு ஈரல் துண்டாகப் பார்த்துப் போட்டாள். ஈரல் வந்தாலே தெரியும், பின்னால் ஏதோ வருகிறது என்று.

வந்தது. புது விசாவுக்குச் சொல்லியாயிற்றாம். இந்தத் தடவை வேறு ஏர்போர்ட், தமிழ் பேசுகிற இடம். கேள்விக்குப் பதில் படிக்க வேண்டுமாம். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான், ஆபீசர் போல.

"எதுக்குப் போறீங்க?"

"நீ சொல்லு, எதுக்குப் போறேன்?"

"ஏட்டி, வெளயாடாத. ஊர் சுத்திப் பாக்கன்னு சொல்லு. டூரிஸ்ட். என்னென்ன எடம் பாத்திருக்க?"

"கேஸ் அடுப்பு. வாஷிங் மெஷின். பால்கனியில துணி காயப்போடுற கம்பி. கீழ லிப்டு பக்கத்துல ஒரு கதவு, அதுல முயல் படம் ஒட்டியிருக்கும். அவ்வளவுதான் பாத்தேன்."

"பெரிய எடம் பேரு ஏதாவது சொல்லு!"

"நம்ம ஊரு வட்டக்கோட்டை."

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். அண்ணன் தட்டைத் தள்ளினான். குடும்பத்துக்காக ஒரு சின்ன உபகாரம் செய்ய இவ்வளவு அதப்பா, கொழுப்பா என்றான். அப்பா செத்த பிறகு யார் உன்னைப் பார்த்தது என்றான். 'பார்த்தது!' இந்த வீட்டில் என்னை யாரும் நோக்கவில்லை. கண்டார்கள், அவ்வளவுதான். மெஷின் மிதித்து நானேதான் என்னைப் பார்த்துக்கொண்டேன். இதை அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். கை கழுவிவிட்டு வந்துவிட்டேன். அந்த ஈரலைச் சாப்பிட்டிருக்கக் கூடாது.

ஜூன் 16, செவ்வாய்

மழை. கரண்ட் இல்லை. வாங்கியவை: நூல் உருண்டை (வெள்ளை, நேவி ப்ளூ), ஊசி, எண்ணெய். கடை வாசலில் 'யூனிபார்ம் தைக்கப்படும்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்.

மத்தியானம் ஷை. வீடியோவில் வந்தாள். (முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.) கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது. லீவு போட்டுப் பிள்ளையோடு இருக்கிறாளாம். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்கிறார்களாம். பாவமாகத்தான் இருந்தது. அவளுக்கு முதல் பாவாடை தைத்துப் போட்டவள் நான். அவளை வெறுக்க என்னால் ஆகாது. அதனால்தான் இத்தனை நாள் பெட்டி கட்டினேன்.

"அத்தை, வெளி ஆள நம்பி எப்பிடி பிள்ளைய விட? நீங்கன்னா சொந்தம்லா."

"சரி மக்கா, வாறேன். ஆனா டூரிஸ்டா இனி வரமாட்டேன். பிள்ளை பாக்குற ஆளுக்கு ஒரு விசா உண்டுமாமே, ஏர்போர்ட்டுல அந்த லேடி ஆபீசர் சொன்னா. அத எடு. சம்பளம் போடு. வாரத்துல ஒரு நாள் லீவு போடு. நான் வாறேன்."

அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"உங்களப் போய் வேலைக்காரின்னு எப்பிடி அத்தை எழுத? ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"எழுத முடியாதுன்னா செய்யவும் சொல்லாத."

சொல்லிவிட்டேன். அதற்குள் ஆரோன் போனைப் பிடுங்கி என்னைப் பார்த்து "த்தே" என்றான். அவனுக்கு அத்தை வராது, த்தே மட்டும்தான் வரும். புது ஷூவைத் தூக்கித் திரைமேல் வைத்தான். ஷூ அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. பிறகு போன் வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அண்ணன் போன். "சொந்தத்துல சம்பளம் கேக்கியே, ஒனக்கு வெக்கமா இல்லியா?" இல்லை என்றேன். வைத்துவிட்டான். கட்டிட ஓனரிடம் போய், நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 18, வியாழன்

மதினி இந்தப் பக்கம் வரவில்லை. அண்ணனும் இல்லை. யூனிபார்ம் மூன்று செட் வந்தது. ஒரு பையனுக்கு இடுப்பளவு எடுக்கும்போது கை நின்றுவிட்டது. ஆரோனுக்கு நிக்கர் தைத்த இலாஸ்டிக் மிச்சம் பெட்டியில் கிடக்கிறது. எல்லார் மேலும் ஆத்திரம். அந்த ஆபீசர் மேல், ஜெபின் மேல், மலையாளத்தின் மேல். சாப்பாடு: பழைய கஞ்சி, கருவாடு. ஜெபினுக்குக் கட்டியதேதான். நன்றாக இருந்தது.

ஜூன் 20, சனி

காற்று. ஷட்டர் தடதட என்று அடிக்கிறது.

ஷை. போட்டோ அனுப்பினாள். ஆரோன், முதுகில் நீலப் பை, சட்டையில் குத்திய பேர் அட்டை. குழந்தை பார்க்கிற இடமாம், ஆட்கள் நல்லவர்களாம், காலையில் விட்டுச் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாமாம். 'நம்ம பில்டிங்லயே இருக்கு அத்தை, கீழேயே. இத்தனை நாள் விசாரிக்கவே தோணல.'

அவன் பின்னால் கதவு. கதவில் முயல் படம்.

அந்த முயலைக் காட்டி நான் அவனுக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும். பால் வாங்கப் போகும்போதெல்லாம் முயலுக்கு டாட்டா சொல்ல வைத்திருக்கிறேன். எத்தனை விசா, எத்தனை ஸ்டாம்ப், எத்தனை தடவை பெட்டி கட்டினேன். பதினாறு படி கீழே இருந்திருக்கிறது அந்தக் கதவு. விசாரிக்கத் தோன்றவில்லையாம். நான் இருக்கும்போது எதற்கு விசாரிக்க!

போனைத் துணி மேசையில் எறிந்தேன். கண்ணாடி கீறவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

கீழே இன்னொரு வரி. முதல் நாள் அழவே இல்லையாம். சிரித்துக்கொண்டே உள்ளே போனானாம்.

ஒரு நாளாவது அழுதிருக்கலாம், பயல்.