நாலு பேருக்கு வெட்டின துணி

சேசு மரி சூசை

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
9.12.1962, ஞாயிறு

என் கண்ணு கிளாரன்சுக்கு அம்மா எழுதறது. சர்வேசுரன் புண்ணியத்துல இங்கே அப்பா, தங்கச்சி டோரீன், தம்பி டென்சில் மூணு பேரும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்காங்க, நானும் அப்படியேன்னு எழுதிட்டேன், எழுதணுமேன்னு. உன் சுகத்துக்கு விவரமா எழுதுன்னு எப்பவும் நச்சரிப்பேனே, இந்தத் தடவை விவரம் ஒண்ணும் வேண்டாம்டா ராசா, உன் கையால ஒரு எழுத்து போட்டு அனுப்பு, அது போதும்.

உன் கடைசி லெட்டர் அக்டோபர்ல வந்தது. மலை மேல குளிர் தாங்கலை, ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கிட்டு வயர்லெஸ் பெட்டி முன்னாடி உட்கார்ந்திருக்கேன்னு எழுதியிருந்தே. அப்புறம் சீனாக்காரன் சண்டை முத்திப் போச்சு, சண்டை நின்னும் போச்சு, உன்னைப் பத்தி மட்டும் பேச்சு மூச்சு இல்லை. உன் ரிக்கார்டு ஆபீஸ்லேர்ந்து தந்தி வந்தது, காணவில்லை, தகவல் தெரிந்ததும் அறிவிப்போம்னு. செத்தவங்க லிஸ்ட்டுலயும் நீ இல்லையாம், ஆஸ்பத்திரி லிஸ்ட்டுலயும் இல்லையாம். நிறையப் பேரை சீனாக்காரன் பிடிச்சு வச்சிருக்கான், பேரெல்லாம் ஒவ்வொண்ணா ரெட் கிராஸ் வழியா வரும்னு சொல்றாங்க. அப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள் சைக்கிள் மிதிச்சுக்கிட்டுப் போய்க் கேட்டுட்டு வராங்க, அந்த ஆபீஸ்காரங்களும் பாவம், தெரிஞ்சாத்தானே சொல்லுவாங்க. இந்த லெட்டரை ரெண்டு காப்பி எழுதச் சொன்னா டோரீன், ஒண்ணு உன் பழைய பட்டாள விலாசத்துக்கு, ஒண்ணு ரெட் கிராசுக்கு. எது உன் கைக்கு வருதோ வரட்டும்.

இப்ப உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும், சொல்லாம எனக்குத் தொண்டையில சோறு இறங்கலை. நம்ம வீட்டுக் கிறிஸ்மஸ் துணி உனக்குத் தெரியும், ஒரே துணியில எல்லாருக்கும் தைக்கிறது, அப்பாவுக்கு உனக்கு டென்சிலுக்கு சட்டை, டோரீனுக்கு கவுன், எனக்கு ஜாக்கெட், மிச்சத்துல ஜன்னலுக்குத் திரை. தெருவுல எல்லாரும் பேண்டு வாத்தியக்காரங்க வராங்கன்னு கிண்டல் பண்ணுவாங்க, நீ பதினேழு வயசுல இந்தத் திரைத் துணியைப் போட்டுக்கிட்டு கோவிலுக்கு வரமாட்டேன்னு முரண்டு பிடிச்சதும் அப்பா ரெண்டு வச்சதும் நான் மறக்கலை. இந்த வருஷம் தையல் ஒண்ணும் வேண்டாம், யாருக்குடி பண்டிகைன்னு அப்பா சொன்னாங்க. நான் கேட்கலை. கை சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்டா. கிறிஸ்மஸ் குடிலுக்குப் போடற துணிக்கு நட்சத்திரம் போட்டேன், மேஜைத் துணிக்கு நாலு ஓரமும் கிராஸ் ஸ்டிச், தலகாணி உறைக்கெல்லாம் அவங்கவங்க பேர் முதல் எழுத்து, உன்னுதைத்தான் முதல்ல போட்டேன், நீலப் பட்டு நூல்ல. கோவில்ல பொம்பளைங்க எல்லாம் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னுறாங்க, அதையும் வாங்கிட்டு வந்து ரெண்டு பின்னிக் குடுத்தேன், எவளாவது ஒருத்தி பின்னினது என் பிள்ளை மேல இருக்காதான்னு.

போன ஞாயிறு பூசை முடிஞ்ச மறுநாள் பக்கத்து வீட்டு ருக்குவையும் கூட்டிக்கிட்டு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுல வழக்கமான கடைக்குப் போய் துணி வாங்கினேன், இளநீலத்துல மெல்லிசா வெள்ளைக் கோடு போட்ட பாப்ளின். வந்து கூடத்துல விரிச்சேன், சாக்பீசு போட்டேன், ஒரே மூச்சுல வெட்டினேன். அப்பாவுக்கு முழுக்கை சட்டை, டென்சிலுக்கு ஒண்ணு, டோரீன் கவுன் கீழே நல்லா விரிய விரிய, எனக்கு ஜாக்கெட், ஜன்னல் திரை. ரெண்டு நாள் மிஷினை விட்டு எழுந்திருக்கலை, எல்லாம் தைச்சு இஸ்திரி போட்டு அடுக்கிட்டு, கீழே கிடந்த துண்டு துக்கடாவைக் கூட்டி அள்ளும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கு இல்லைடா. உனக்கு வெட்டவே இல்லை. வாங்கவே இல்லை. ருக்குகிட்ட ஓடிக் கேட்டா அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொல்றா, கடைக்காரர் ஏம்மா இந்த வருஷம் ஒரு சட்டைத் துணி குறையுதேன்னு கேட்டாராம், நான் போதும்னு சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. அசதியில நீ மறந்துட்டேம்மான்னு டோரீன் சமாதானம் சொல்றா. மறப்பேனா? பத்து மாசம் சுமந்த வயிறு மறக்குமா? தலகாணி உறையில முதல் எழுத்தா உன் பேரைப் போட்டவ துணிக்கடையில உன்னை எண்ணாம விட்டுட்டேன். பட்டாளத்துக்காரங்களே இன்னும் சொல்லாததை என் வாய் சொல்லிடுச்சு. போதும்னு சொன்ன இந்த வாயில மண்ணை வாரிப் போடணும்.

மறுநாள் கடை திறக்குமுன்னே போய் நின்னேன். அந்தத் துணி தீர்ந்து போச்சாம். ருக்கு கடைக்காரருக்கு கன்னடத்துல எடுத்துச் சொல்லி ஸ்வல்ப நோடி ஸ்வாமி, ஒளகே நோடி, கொஞ்சம் உள்ளே பாருங்கன்னு கெஞ்சினா, அவரும் பாவம் உள்ளே போய் கட்டுக் கட்டாப் புரட்டினார், கிடைக்கலை. வேற கடை நாலும் ஏறி இறங்கினோம். வேற நீலம் இருக்கும்மா எடுத்துக்கோன்னாங்க. வேற நீலத்தை நான் என்ன பண்ண? நீ எங்களோட வரிசையில நிக்க வேண்டாமா? வெட்கம் மானம் பார்க்காம கடைப் படியில உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்தா அப்பா ஒரு கத்து கத்தினாங்க, ஒரு சட்டையாலயா என் பிள்ளை பிழைச்சு வரப்போறான், அறிவு கெட்டவளேன்னு. இருபத்தஞ்சு வருஷத்துல முதல் தடவையா நானும் திருப்பிக் கத்தினேன், என்ன சொன்னேன்னு எழுதமாட்டேன். சாப்பிடாம வெளியே போயிட்டாங்க.

சாயங்காலம் திரும்பி வந்தாங்க. அலமாரியில இருந்து தன் புதுச் சட்டையை எடுத்தாங்க, ஷேவிங் பிளேடை எடுத்தாங்க, கண்ணாடியை மாட்டிக்கிட்டு வாசல் வெளிச்சத்துல உட்கார்ந்து ரெண்டு கையையும் தையல் பிரிச்சாங்க. ஊசியில நூல் கோர்க்கத் தெரியாத மனுஷன்டா. எனக்குக் கை இல்லாட்டி பரவாயில்லை, அவனுக்குக் குளிருமில்லன்னு சொல்லிட்டு என் மடியில போட்டாங்க. அதைப் பார்த்துட்டு டோரீன், அந்தக் கவுனுக்கு அவ்வளவு ஆசைப்பட்டவ, அதோட கீழ்ச் சுத்தை அப்படியே பிரிச்சுட்டா. டென்சில் பாக்கெட்டைக் குடுத்தான், தனக்கு ரெண்டு பாக்கெட் வேணும்னு முதல்ல சண்டை போட்டவன். முதுகுக்கு ஜன்னல் திரை. காலருக்கு என் ஜாக்கெட் கை. இப்ப ஜன்னல் மொட்டையா நிக்குது, நாங்க நாலு பேரும் அரைகுறையா நிக்கிறோம், உன் சட்டை மட்டும் முழுசா இருக்கு. முதுகுல நடுவுல ஒரு தையல் வரும், அங்கே கோடு கொஞ்சம் சேராது, கிட்ட வந்து பார்த்தாத்தான் தெரியும். திரைத் துணின்னு நீ சொன்னது கடைசியில நிசமாயிடுச்சு, வந்து திட்டு.

நீ அவங்க கையில இருந்தா ஒண்ணு சொல்றேன், வீம்பு பண்ணாதே. உன் கோபம் என் கோபம், அது எங்கே கொண்டு விடும்னு எனக்குத் தெரியும். குடுத்ததைச் சாப்பிடு, சோறு இல்லைன்னு மூஞ்சியைத் தூக்காதே. காதை மூடிக்கோ, உனக்குக் காதுலதான் முதல்ல குளிர் ஏறும். ஜெபமாலையைப் பிடுங்கியிருந்தா விரலை எண்ணிச் சொல்லு.

கிறிஸ்மஸ் அன்னிக்கு எல்லாரும் அதே துணியில கோவிலுக்குப் போவோம், உன் சட்டையை என் கை மேல போட்டுக்கிட்டுப் போவேன், பார்க்கிறவங்க பார்க்கட்டும். பட்டன் ஓட்டைக்குக் காஜா மட்டும் இன்னும் எடுக்கலை. போட்டுப் பார்த்த பிறகுதானே உங்க எல்லாருக்கும் பட்டன் இடம் குறிப்பேன், அந்த வழக்கத்தை மாத்தமாட்டேன். முன் பக்கம் குண்டூசி குத்தி வச்சிருக்கேன். தேவமாதா உன்னைத் தன் முந்தானையில மூடிக் காப்பாத்தட்டும், உன் காவல் சம்மனசு சிறகை விரிச்சு உன் பக்கத்துலயே நிக்கட்டும்.

உன்னை எண்ணாம விட்டதுக்கு மன்னிச்சிடு கண்ணு.

காஜா எடுக்காத சட்டையோட உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா,
ஜோசஃபின்

பி.கு.: அளவு உன் பழைய அளவுதான் வச்சேன். இளைச்சிருப்பே, தெரியும். அதுக்காக வராம இருந்துடாதே, எவ்வளவு இளைச்சிருந்தாலும் நான் பிடிச்சுத் தைச்சுடுவேன்.